எட்டுப் பத்து பஸ்

முதல் பருவம், இரண்டாம் அலகு.
பலகையில் எழுதினேன்:
சமூக உண்மை உனக்கு வெளியே இருக்கும்.
நீ பிறக்குமுன்பே இருந்தது.
மீறிப் பார், அப்போதுதான் எடை தெரியும்.

பின்வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான்.
மூன்று மணிக்கே ரப்பர் வெட்டப் போனவன்,
விட்டுவிட்டேன்.
அந்தக் கொட்டாவியும் பாடத்தில் உண்டு:
தனியாள் துயரம், பொதுப் பிரச்சினை, நான்காம் அலகு.
அதுவரை என்னை வைத்திருந்தால் நடத்துவேன்.
மணிக்கணக்குச் சம்பளம். ஆகஸ்ட் பாக்கி.

ஒப்படைப்பு கொடுத்தேன்.
தெரிந்த இடத்தில் தெரியாதவர்போல் நில்லுங்கள்.
ஒரு வாரம். தீர்ப்பு வேண்டாம், எண்ணுங்கள்.

நாற்பத்தெட்டுத் தாள் வந்தன.
பாதிக்குமேல் கல்யாண வீடு.
ஒருத்தன் தக்கலை கோர்ட்டு வாசல் டீக்கடை,
நன்றாகவே எழுதியிருந்தான்.
ஒரே கையெழுத்தில் மூன்று.
ரெஜிலினுடையது பஸ்.

"குளச்சலிலிருந்து கருங்கல். காலை எட்டுப் பத்து.
நான் பின்படிக்கட்டருகே.
இடப்பக்கம் நான்காம் வரிசை, ஜன்னலோரம் ஒரு மீன்காரி.
வயது நாற்பது இருக்கும்.
காலடியில் கடவம், மேலே சாக்கு. ஒழுகவில்லை.
பக்கத்து இருக்கை காலி.
குளச்சலில் நிற்பவர் ஏழு.
பாலப்பள்ளத்தில் பத்தொன்பது. இருக்கை காலி.
ஒரு பையன் உட்காரப் போனான்,
அம்மை கையைப் பிடித்து இழுத்தாள்.
ஏன் என்று அவன் கேட்கவில்லை.

ஒரு டீச்சர். கையில் விடைத்தாள் கட்டு.
கம்பி எட்டாமல் இரண்டு முறை சாய்ந்தார்.
இருக்கையைப் பார்த்தார்.
பிறகு ஜன்னலைப் பார்த்தார்.
கருங்கல் வரை நின்றார்.
திங்கள் முதல் வெள்ளி, ஐந்து நாளும்."

பெயர் எழுதவில்லை.
ஆய்வு நெறி. நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

சிவப்புப் பேனாவை மூடிவிட்டு
என்னைக் காப்பாற்ற ஏதாவது கண்ணாடி உண்டா என்று
ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்தேன்.

சமூகம் ஓர் உடம்பு, உறுப்புக்கு ஒரு பணி.
அப்படியானால் காலி இருக்கையின் பணி என்ன?
நிற்கிற பத்தொன்பது பேரையும்
ஒரே ஊராக்கியது அது.
நினைத்தபோதே கூசியது.

அடுத்ததில் கடல் முழுக்கத் தெரிந்தது.
வள்ளக்காரர், ஏலக்காரர், வட்டிக்காரர்,
எல்லாருக்கும் கீழே கடவம் சுமக்கும் ஒரு கழுத்து.
சரிதான். ஆனால் அந்தப் படத்தில்
நான் எங்குமே இல்லை.
யாரையாவது திட்டிவிட்டு
நல்லவளாக இறங்கிவிடலாம்.

மூன்றாவது மிகச் சின்னது.
அதில் தெரிந்தவை என் விரல்கள் மட்டும்:
மூக்குவரை போய்,
தலைப்பைத் திருத்துவதுபோல் இறங்கியவை.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அயலைக் குழம்பு,
மாங்காய் போட்டு.
அதற்கு நாங்கள் வாசனை என்போம்.

மறு திங்கள் உட்கார்ந்தேன்.
கொண்டாட ஒன்றுமில்லை, பஸ் ஓடியது.
கண்டக்டர் இருவருக்கும் ஒரே சீட்டைத்தான் கிழித்தார்,
கட்டணம் பூஜ்யம்.
அவரோ ஜன்னலோடு ஒடுங்கி,
முந்தானையைச் சுருட்டி மடியில் அமுக்கி,
காலால் கடவத்தை உள்ளே தள்ளினார்.
"துணியில நாத்தம் பிடிக்கும் டீச்சர்."
மன்னிப்புக் கேட்கும் குரல்.

எங்களுக்கு நடுவே அரையடி.
இந்த முறை அதை நான் விடவில்லை,
அவர் விட்டது.
அதற்கும் ஒரு சொல் இருக்கிறது,
ஐந்து மதிப்பெண் வினா,
வருடம் தவறாமல் கேட்கிறோம்.

பெயர் கேட்டேன். பனியம்மை என்றார்.
வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை.

பின்படிக்கட்டில் ரெஜிலின் நிற்கிறாளா என்று
திரும்பிப் பார்க்கவில்லை.
பார்க்காமலிருந்ததில்
கருங்கல் வரை கழுத்து வலித்தது.