பதின்மூன்றே முக்கால் ஓம்

"உங்கட மெசின் பேய்க்காட்டுது" என்று
விடிய ஆறு மணிக்கே போன்.
நானூறு முட்டையில் முப்பத்தொன்றுதான் பொரித்ததாம்.
மிச்சத்தை உடைத்துப் பார்த்தால்
குஞ்சு பாதியில் நின்றிருக்கிறதாம்.
கிழமைக் கடன்காரன் வெள்ளிக்கு வருவான்,
அவனுக்குக் கோதைக் காட்டவோ என்றாள் றஞ்சிதமலர்.

அந்தப் பெட்டி நான் பூட்டினது.
சுருளும் என் கையால் சுற்றினது:
இருநூற்று முப்பது வோல்ற்றுக்கு நாலு அம்பியர்,
தொளாயிரத்து இருபது வாற்.
மூடியின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதி
கையெழுத்தும் வைத்திருக்கிறேன்.

கிளாம்ப் மீற்றரைப் பையில் போட்டுக்கொண்டு
முத்தையன்கட்டு இடதுகரையால் போனேன்.
வளவின் கடைசியில் கொட்டில்.
உள்ளே பெட்டியின் சிவப்பு லைற் எரிந்தபடி.
"இருபத்தொரு நாளும் அது நூரவேயில்லை, தங்கச்சி.
அவ்வளவு நல்லா வேலை செய்யுது எண்டு இருந்தன்."

வயரைக் கவ்விப் பார்த்தேன்: மூன்று தசம் இரண்டு.
முனைகளில் குத்திப் பார்த்தேன்: நூற்று எண்பத்து நாலு.
முட்டைத் தட்டைக் கிழித்து
அதன் மேட்டிலும் பள்ளத்திலும் வகுத்தேன்.
ஐம்பத்தேழரை ஓம்.

"ஓமோ?"
ஓம்.
"என்ன ஓம்?"
சுருள் பழுதில்லை. சுற்றின அன்றும் இதே ஐம்பத்தேழரைதான்.

பிறகு பெருக்கினேன்.
ஐந்நூற்று எண்பத்தொன்பதுக்கும் ஒரு சொட்டுக் குறைய.
வோல்ற்றில் ஐந்தில் ஒன்றுதான் களவு போயிருக்கிறது,
சூட்டில் மூன்றில் ஒன்றுக்கும் மேலே.
அழுத்தம் இளைத்தால் ஓட்டமும் கூடவே இளைக்கும்;
இரண்டும் சேர்ந்துதான் உலை வைக்கிறவை.

"அக்கா, வலு குறைவு" என்றேன்.
"வலு குறைவோ, கொஞ்சம் குறைவோ?"

வீட்டுச் சுவரில் கறன்ற் மீற்றர்.
அங்கே அளந்தால் இருநூற்று இருபத்தெட்டு,
கொழும்பில்கூட இவ்வளவு வராது.
ஆக வீட்டுக்கும் கொட்டிலுக்கும் இடையில்
நாற்பத்து நாலு வோல்ற்றை ஏதோ தின்கிறது.
நாற்பத்து நாலை மூன்று தசம் இரண்டால் வகுத்தேன்.
பதின்மூன்றே முக்கால்.
இதை நான் சுற்றவில்லை.

வேலியோடு நடந்தேன்.
கதியால் கதியாலாகத் தொங்கிப்போனது
கறுத்த, மெலிந்த, முறுக்கின சோடி வயர்.
தொட்டால் இளஞ்சூடு.
மாசிப் பனிக்கு அதைக் கட்டிப்பிடித்தபடி ஓர் ஓணான்,
என் நிழல் விழுந்தும் அசையாமல்.
நூறு மீற்றருக்கு நூற்று நாற்பத்தொரு வாற்:
குஞ்சுகளுக்குப் போகவேண்டியதில் ஒரு பங்கு
வேலியில் இறங்கி ஓணானுக்குப் போயிருக்கிறது.

சுரண்டிப் பார்த்தேன்.
செம்பு நாலு இழை, இரும்பு மூன்று.
இது எங்காலை, அக்கா?

"திரும்பி வந்த வருசம் பயத்தங்காய்க்குப் பாத்தி கொத்தேக்க
மண்வெட்டியில கொழுவினது.
இழுக்க இழுக்க வந்தது.
நல்ல வயர்தானே?"

நல்ல வயர்தான்.
குரல் போவதற்கு மில்லி அம்பியர் போதும்.
எந்த முனையில் யார் ஹலோ சொன்னார்களோ,
மற்ற முனை எந்தப் பங்கருக்குள் இருந்ததோ,
மீற்றரில் அதற்கு வழியில்லை.
நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

புது வயர் விலையைச் சொன்னேன்.
அவள் கோழிக்கூட்டைப் பார்த்தாள், பிறகு வானத்தை.
"பெட்டியை வீட்டுக்குள்ள வைச்சால்?"
மீற்றருக்குப் பக்கத்தில் அவளுடைய படுக்கிற அறை.
பாயைச் சுருட்டி, தையல் மெசினை விறாந்தைக்குத் தள்ளி,
இரண்டு பேருமாய்த் தூக்கினோம்.
கதவு நிலையில் என் விரல் நசிந்தது.

நாலுக்கு ஒரு மயிரிழை குறைய ஓடிற்று.
தொளாயிரத்து நாலு வாற்.
தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம்.
டிக் என்று ஒரு சத்தம்.
சிவப்பு லைற் நூர்ந்தது.

கோப்பையை வைத்துவிட்டு எழும்பிவிட்டாள்.
"ஐயோ, இப்ப உண்மையாவே பழுதாப்போச்சோ?"