நீல மூடி

நீல மூடிக் குழாயில்
ரத்தம் கோடு வரை ஏற வேண்டும்.
கொஞ்சம் குறைந்தாலும் கணக்கு பொய் சொல்லும்.
மாதம்மாளின் நரம்பு
மூன்றாவது குத்தில்தான் இளகியது.

பெயரிலேயே மாதத்தை வைத்திருக்கிறாள்.
இரண்டு வருஷமாய் மாதத்தில் பாதி நாள் போக்கு.
சீசன் முடியட்டும், சீசன் முடியட்டும் என்று
காவேரிப்பட்டணம் கூழ் ஆலையில்
பெங்களூரா வந்து குவியும் நாட்களில்
பன்னிரண்டு மணி நேரம் நின்றவள்.
கெண்டைக்காலில் பச்சையாய் முடிச்சு முடிச்சாய்
அந்த நிற்றல் இன்னும் நிற்கிறது.
ஆவணியில் ஆலை அடைத்த பிறகுதான்
கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினாள்,
கர்ப்பப்பையை இறக்கி வைக்க.

'லாட் பாஸா?' என்பாள் என்னைக் கண்டால்.
அங்கேயும் உண்டு சின்னப் புட்டி, மேலே எண்,
வெள்ளைக் கோட்டுக்காரன் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு
இனிப்பைப் படிப்பான்.
எண் பிசகினால் லாரி கிளம்பாது.

நான் படிப்பது வேறு.
உறைய எத்தனை நொடி,
உறைந்தது கரைந்தால் எத்தனை தூள்.
டி-டைமர் கட்டியைக் காட்டாது.
கட்டி ஒன்று இருந்து உடைந்ததைத்தான் சொல்லும்,
சண்டை ஓய்ந்த வீட்டில்
முறத்தில் அள்ளிய வளையல் துண்டுகள் போல.

அறுத்த உடம்பில் அது ஏறத்தான் செய்யும்.
முதல் நாள் ஏறியது.
மூன்றாம் நாள் இன்னும் கொஞ்சம்.
ஐந்தாம் நாள் ஒரே தாவு.
இரண்டாம் முறையும் ஓட்டிப் பார்த்தேன்.
எண்ணுக்கு அர்த்தம் சொல்வது என் வேலை இல்லை,
வார்டுக்கு நானே எடுத்துப் போனேன், அவ்வளவுதான்.

டாக்டர் பரிமளகாந்தி டேப் வைத்து அளந்தார்.
வலது கெண்டை முப்பத்திரண்டு.
இடது முப்பத்தைந்தரை.
ஒருவரும் பேசவில்லை.
வயிற்றில் ஊசி ஒன்று.
டாப்ளருக்குச் சீட்டு.

'லாட் பாஸா?'
'கொஞ்சம் நிறுத்தி வெச்சிருக்காங்க.'

தையலைக் கையால் அமுக்கிக்கொண்டு சிரித்தாள்.
அப்புறம்,
'கொட்டையக்கூட லாரி வந்து ஏத்திக்கினு போவும்.
என்னுத எடுத்தாங்களே, அது எங்க?'

என் அறைக்கு அடுத்த அறையில்,
ஃபார்மலின் ஜாடியில்,
என் குழாயில் ஒட்டிய அதே எண்ணோடு.
நடுவில் ஒரு சுவர், சுண்ணாம்பு உதிர்ந்தது.

சொன்னேன்.

ஸ்கேனுக்குத் தள்ளுவண்டியில் போகையில்
'பக்கத்துலயேதான் இருக்குதா' என்று
அந்தக் கதவை ஒருமுறை
தலையைத் திருப்பிப் பார்த்தாள்.