பயனர் பூஜ்ஜியம்

ஒன்பதாயிரத்து நானூறு கொடுத்து வாங்கினேன்,
இம்பீரியல் ரோட்டில், பில்லோடு.
பெட்டியைப் பிரிக்கும் முன்பே
உள்ளே ஆட்கள் இருந்தார்கள்.

மிட்டாய் உடைக்கிற விளையாட்டு ஒன்று.
எனக்குத் தெரியாத மொழியில் செய்தி ஒன்று.
செருப்பும் சேலையும் விற்கிற மூன்று கடை.
சம்பளத்துக்கு முந்தின நாள் பார்த்து
கடன் வேணுமா என்று கேட்கிற ஒருத்தன்.
விரலை வைத்து அழுத்தினால்
'நீக்கு' என்ற சொல் மட்டும்
சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும்.

லேபில் வேலை எனக்கு.
ஒரு நாளைக்கு அறுபது எழுபது ரிப்போர்ட்
படம் எடுத்து அனுப்ப வேண்டும், சர்க்கரை, உப்பு, தைராய்டு.
நாற்பத்தி மூன்றாவதில் போன் சொல்லும்:
இடம் இல்லை.

மஞ்சக்குப்பத்தில் நான் இருக்கிற வீடும் அப்படித்தான்.
வாடகை முழு வீட்டுக்கு.
பின்னறை மட்டும் பூட்டு.
"நம்ம சாமான் கொஞ்சம் கெடக்குதும்மா" என்றார் தணிகாசலம்,
அட்வான்சை எண்ணிக்கொண்டே.

ஜெசிந்தா, லாரன்ஸ் ரோட்டில் போன் பழுது பார்க்கிறவள்,
சாப்பிடும்போதும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்காதவள், சொன்னாள்:
"பில்ட் நம்பர ஏழு தடவ தட்டு.
நீ டெவலப்பர் ஆயிட்டன்னு சொல்லும். சிரிக்காத."

தட்டினேன். ஆகிவிட்டேன்.

ராத்திரி பதினொன்றரை. இரவல் லேப்டாப்.
சரித்துப் பிடித்தால் மட்டும் உயிர் வருகிற கேபிள்.
கறுப்புத் திரையில் ஒவ்வொரு பேராக அடித்து என்டர் தட்ட
சக்சஸ், சக்சஸ் என்றது.
பிளஸ் டூ ரிசல்ட்டில் கூட
எனக்கு யாரும் இத்தனை தடவை சொன்னதில்லை.

பிறகுதான் கட்டளையின் வாலைக் கவனித்தேன்.
பயனர் பூஜ்ஜியத்துக்கு மட்டும் நீக்கு.
யாருடி அது? மெசேஜ் போட்டேன்.
"நீதான்.
அதுங்க எங்கயும் போவல. ஒன் கண்ணுக்குத் தெரியாது, அவ்ளோதான்.
நெசமாத் தொரத்தணும்னா ரூட் போடணும்.
ரூட் போட்டா பேங்க் ஆப் ஒன்ன நம்பாது.
யோசிச்சிக்க."

தூக்கக் கலக்கத்தில் கடைசியாக எதை நீக்கினேனோ.
புள்ளி வைத்துப் புள்ளி வைத்து
நீண்டுகொண்டே போன ஒரு பேர்.

காலையில் போன் அமைதியாக இருந்தது.
நல்லாத்தான் இருக்கு என்று
ஒரு டம்ளர் காப்பியை ஆறவிடாமல் குடித்தேன்.

ஒன்பது மணிக்குக் கதவு.
"எத்தினி தடவ கூப்புடறது? எடுக்கவே மாட்டங்கற"
தணிகாசலம், சாவிக்கொத்தோடு.
நான் பதில் தேடுவதற்குள்
அடுப்படி தாண்டிப் போய்
பின்னறையைத் திறந்துவிட்டார்.

இரண்டு வருஷத்தில் இன்றுதான் பார்க்கிறேன்.
சுருட்டிய மெத்தை. கால் ஒடிந்த டீப்பாய்.
மூலையில் பச்சைப் புள்ளி எரிய
ர்ர்ர் என்று
ஒரு ஃப்ரிட்ஜ்.

அவர் டிரங்குப் பெட்டியில் பத்திரம் தேட
நான் அதைத் திறந்தேன்.
ஒரு விளக்கு. பாதித் தண்ணீரோடு ஒரு பாட்டில்.
யாருக்கும் இல்லாத குளிர்.

என் மீட்டரில்.

"ஆஃப் பண்ணா கெட்டுடும்மா. ஓடிக்கினே இருக்கணும்."

பூட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஒரே வரியில் போனின் மணியைத் திரும்பக் கூப்பிட்டேன்.
வந்தது. அங்கேயே இருந்திருக்கிறது,
என்னிடம் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ரூட் போட்டவர்களிடம்
ஒரு சின்னப் பெட்டி வந்து கேட்குமாம்:
இந்த ஆளை உள்ளே விடலாமா?
இப்போது மட்டுமா, எப்போதுமா, வேண்டாமா?
என்னிடம் இதுவரை எந்தக் கதவும் அப்படிக் கேட்டதில்லை.
ஆனால் சம்பளம் அந்த பேங்க் ஆப்பில்தான் வருகிறது.
போடவில்லை. இன்னும் போடவில்லை.

ஸ்டூலைப் போட்டு ஏறி
பின்னறையின் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கினேன்.
உளுத்தம்பருப்பு டப்பாவில் போட்டு மூடினேன்.

அடுத்த தடவை வந்தால் திரும்பச் சொருகிவிடுவார், தெரியும்.
அதுவரை
மீட்டரின் சிவப்புப் புள்ளி
கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச்
சிமிட்டுகிறது.