தெளிந்து வந்தால் பயமில்லை

நிலம் வாங்கியபோது
பத்திரத்தின் ஏழாம் பக்கத்தில் ஒரு வரியாக வந்தது அணை.
நூற்றறுபது ஏக்கர், ஒரு கொட்டகை, ஒரு கிணறு,
மற்றும் மண்கரை ஒன்று, அதன் பொறுப்புகளோடு.
பொறுப்புகளை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

நெப்ராஸ்காவின் இந்த மூலையில்
வருடத்தில் ஐம்பது வாரம் அது எதையும் தடுப்பதில்லை.
இருபத்தெட்டடி உயரத்துக்குப் புல் மூடிய மண்.
முன்னே வெறும் பள்ளம்.
பள்ளத்தில் ஷிமெக் வீட்டு மாடுகள்.
“காற்றுக்கு அணை கட்டியவளே” என்பார் தபால்காரர்.
நான் கட்டவில்லை. புல் வெட்டுகிறேன்.
கரையில் மரம் நிற்கக் கூடாது,
வேர் மட்கினால் அது தண்ணீருக்கு வழி.

போன இலையுதிர் காலத்தில்
மாநில அலுவலகத்திலிருந்து லியாண்ட்ரா வோஸ் வந்தாள்.
கோஃபர் வளைக்குள் முழங்கை வரை கையை விட்டாள்.
மதகுக் குழாயைச் சுத்தியலால் தட்டி
துரு பேசுவதைக் கேட்டாள்.
பிறகு கீழே காட்டினாள்:
ஓடையோரம் மூன்று புது வீடுகள்.

“குறைந்த ஆபத்து” என்றிருந்த இடத்தை அடித்து
“அதிக ஆபத்து” என்று எழுதினாள்.
ஓரங்குலம் நகராமல்
என் கரை ஆபத்தாகிவிட்டது.
சீர்செய்ய ஆகும் செலவு, நிலத்தின் விலையில் பாதி.
போகும்போது சொன்னாள்:
“அடிவாரத்தில் கசியும். தெளிந்து வந்தால் பயமில்லை.
கலங்கி வந்தால் போனை எடுங்கள்.”

ஜூன் மாதம், ஒரே இரவில் ஆறங்குல மழை.
பள்ளம் ஏரியாயிற்று.
மாடுகளை எப்போதோ ஓட்டிப் போயிருந்தார்கள்.
குழாய் உறுமியது.
கலிங்குக்கு இன்னும் இரண்டு சாண்.
இருட்டில் கரையின் மறுபக்கம் இறங்கினேன்,
உட்கார்ந்தபடி, சறுக்கி,
பாக்கெட்டில் காலி காபிக் குடுவை.

கசிவைக் குடுவையில் பிடித்து
பின்னால் டார்ச்சை வைத்தேன்.
என் விரல் ரேகை தெரிந்தது.
கால்மணிக்கொருமுறை.
பதினொரு முறை.
ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் போனின் மேலே இருந்தது,
கீழே நடுவீட்டில் ஒரு விளக்கு எரிந்தபடி இருந்தது.
பிள்ளை அழுகிறதோ,
யாருக்கோ தூக்கம் வரவில்லையோ.
நான் அழைக்கவில்லை.

விடிந்ததும் தண்ணீர் இறங்கத் தொடங்கியது.
கடைசிக் குடுவையை ஜன்னலில் வைத்துவிட்டுத்
தூங்கிப் போனேன்.
மதியம் எழுந்து பார்த்தால்
அடியில் நகக்கீற்றளவு வண்டல்.
கரையின் மண்ணா, என் பூட்ஸின் மண்ணா?

லியாண்ட்ராவின் போன் பதிவுக்குரலில் பேசியது.
செய்தி விட்டேன்.
குடுவையை எடுத்துக்கொண்டு நடந்தேன்,
அந்த வீடுகளுக்கு முதல் முறையாக.

நடுவீட்டுக்காரன்
படகு உறையில் தேங்கிய மழையைத்
துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தான்.
“பெரிய மழை என்றார்கள், ஓடை முட்டியைக்கூடத் தொடலை.”
“மேலே ஒரு அணை இருக்கிறது” என்றேன்.
“எங்கே?”
கை காட்டினேன். பச்சையாக ஒரு மேடு.
அவன் குடுவையைப் பார்த்தான்.
“அதில் என்ன?”
“தெரியவில்லை,” என்றேன்,
“அதைச் சொல்லத்தான் வந்தேன்.”