ஒன்பதாம் மாடிக்கு மண்

இருபத்தெட்டு வெள்ளி. ஏழு கிலோ.
மூட்டை மேல் பச்சை இலை, சிரிக்கும் தக்காளி,
நூறு விழுக்காடு இயற்கை என்று மூன்று மொழியில்.
ரெலாவ் நர்சரியில் தியோ அதைத் தட்டிக் காட்டினார்,
தர்பூசணியைத் தட்டுவது போல.
மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன்.
கிலோ நாலு வெள்ளி.
என் வீட்டு அரிசி அதைவிட மலிவு.

போன வருஷம் அப்படி ஒன்றில் ஏமாந்தவள் நான்.
உள்ளே பாதி மரச்சீவல், வேகாத சோறு மாதிரி.
மக்காத மரம் முதலில் தன் பசியைத்தான் பார்க்கும்,
கத்தரியின் பங்கையும் பிடுங்கித் தின்றது.
இரண்டே வாரத்தில் இலையெல்லாம் மஞ்சள்.
மூட்டையில் இருந்த படம் மட்டும் பச்சை.

அதிலிருந்து படத்தை நான் பார்ப்பதில்லை.
மூக்கை அனுப்புகிறேன்.
மூத்திர நெடி அடித்தால்
இன்னும் ஒரு மாதம் கிடக்கட்டும்.
உள்ளே விட்ட கை சுட்டால்
வேலை முடியவில்லை.
பிடித்தால் உருண்டையாக வேண்டும்,
தொட்டால் உதிர வேண்டும்,
மழை நின்ற அரைமணி நேரத்தில்
ஜெலுத்தோங் சாலையோரப் புல் மணக்குமே, அந்த மணம்.
தியோவிடம் கரித்த உமி மட்டும் வாங்கினேன்.
ஐந்து வெள்ளி. அவர் தட்டிக் காட்டவில்லை.

ஆட்டெரு பாலிக் புலாவ் பண்ணையில் மூட்டை எட்டு.
மலையைச் சுற்றி மோட்டாரில் போய்வர
பெட்ரோல் நாலு.
லிஃப்ட் பழுதானால் முதுகுக்கு எவ்வளவு
என்று யாரும் விலை ஒட்டவில்லை.
அன்றைக்குப் பழுது.
ஐந்தாவது மாடிப் படியில்
மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.
டியூஷனுக்கு இறங்கிய பையன் மூக்கைப் பொத்தி
"என்ன ஆன்ட்டி இது?" என்றான்.
"மிளகாய்" என்றேன்.

மற்றதெல்லாம் இலவசம்,
கேட்கும் வெட்கம் ஒன்றுதான் செலவு.
ரொட்டி சானாய்க் கடையில் முட்டை ஓடு.
ஆ லெங் கடையில் கோப்பிச் சக்கை, ஒரு வாளி,
இன்னும் சூடாக.
இங்கே கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் போட்டு வறுப்பார்கள்,
அது எனக்குத் தெரியும்,
எறும்புக்கும் தெரிந்திருந்தது.

பசாரில் தேங்காய் உரிப்பவரிடம் நார்த்தூள்.
உப்பு போக மூன்று முறை அலசு என்றார்கள்.
மூன்றாம் தண்ணீரை நாக்கு நுனியில் வைத்தேன்.
எதிர்வீட்டுப் புவனேந்திரன் பார்த்துவிட்டார்.
அவர் ஒன்றும் கேட்கவில்லை.
அவர் மனைவி கேட்டாள்.

பிறகு டுரியான் காலம்.
தோலை விடுவானேன் என்று
பீப்பாய் நிறைய வெட்டிப் போட்டேன்.
நாலாம் நாள் ஈ,
ஆறாம் நாள் நிர்வாகத்தின் கடிதம்,
மலாயில், மிகப் பணிவாக.

பீப்பாயை இரவோடு இரவாகக் கீழே இறக்கி
குப்பைக் கூண்டருகே நின்றபோது
தெருக் கூட்டும் ஷஃபிகுல் எட்டிப் பார்த்தான்.
"கெரிங் தடா" என்றான்.
காய்ந்தது இல்லை.
அங்சானாச் சருகு மூன்று மூட்டை
அவன் வண்டியில்தான் இருந்தது, லாரிக்குக் காத்து.
அள்ளி அள்ளி அவனே கொட்டினான்,
ஈரத்துக்கு ஒரு கை, சருகுக்கு இரண்டு கை.
எருவுக்கும் மூட்டைக்கும் தீவெல்லாம் அலைந்தேன்,
குறைந்தது இது.
தினமும் நான் மிதித்துப் போனது.

இரண்டு மாதம். நாற்றம் இல்லை, சூடு இல்லை,
கறுப்பாக, கோப்பித் தூள் போல.
அவனுக்கு மிளகாய் கொடுக்கலாம் என்று போனேன்.
மிளகாய் வேண்டாமாம்.
அவர்கள் கொங்சிக்குப் பின்னால் பெயின்ட் டின்னில்
ஏதோ ஊர்க் கீரை போட்டிருக்கிறானாம்,
மண் கேட்டான்.
இரண்டு கை அள்ளி வைத்தேன்,
மூன்றாவதும்.
கிலோ என்ன விலை என்று கணக்குப் போடப் பார்த்தேன்,
வரவில்லை.

வந்த கணக்கு இது:
உமி ஐந்து, எரு எட்டு, பெட்ரோல் நாலு.
எறும்பு மருந்தைச் சேர்க்கவில்லை.
ஆகப் பதினேழு வெள்ளி.
இதுவரை காய்த்தது பதினோரு மிளகாய்.
பன்னிரண்டாவது
இன்னும் பூவாகத்தான் இருக்கிறது.