பதினாலு சுற்று

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
போன் போர்டு பிடிக்கும் இடுக்கியில்
ஆறாம் நம்பர் தூண்டில் ஒன்றைப் பூட்டுகிறேன்.
வட்ட விளக்கு, பூதக்கண்ணாடி, சாமணம்:
பகலில் சோறு போடுகிற அதே சாமான்கள்.
கஸ்தூரியார் வீதியில் கடைசி ஓட்டோவும் போய்விட்டது.

இன்றைக்குக் கட்டப்போவது கூனி இறால்.
கூனியின் உடம்பு ஒரு சந்தேகம் மாதிரி.
இருக்கிறது, ஆனாலும் அதனூடாக
மற்றதெல்லாம் தெரிகிறது.
அதை நூலில் செய்ய வேண்டும்.

முதலில் பாரம்.
செத்த சார்ஜரை உடைத்தால் உள்ளே செம்புக் கம்பி.
தண்டில் பதினாலு சுற்று.
பன்னிரண்டென்றால் பண்ணைப் பாலத்தடி நீரோட்டம்
மேலே தூக்கி விளையாடும்.
பதினாறென்றால் பாசிக்குள் போய்ப் படுத்துவிடும்.
இதை அறிய இரண்டு மாரியும்
நாற்பது தூண்டிலும் போயின.

நைலோன் நுனியைச் சோல்டர் சூட்டருகே காட்டினால்
சுருண்டு, கறுத்து, உருண்டு
கண்ணாகிவிடும்.
இரண்டும் ஒரே அளவில் வந்த நாள் கிடையாது.
மீன் குறை சொன்னதுமில்லை.

மீசைக்குக் கழுத்திறகு.
சந்தையில் கோழி உரிக்கும் நிஸ்தார்
பேப்பரில் சுற்றி எடுத்து வைப்பான்.
'ஆருக்கடா சூனியம் வைக்கிறாய்?'
கொடுவாவுக்கு, என்பேன்.

சோளகம் விழுந்து தண்ணீர் தெளிந்தால் சாம்பல் நூல்.
மழை வெள்ளம் இறங்கித் தேத்தண்ணி நிறமானால் செம்மஞ்சள்.
இரண்டுமில்லாத நாளில்
எனக்குப் பிடித்த பச்சை. அதற்கு
இதுவரை ஒரு மீனும் பிடித்ததில்லை,
என்றாலும் பெட்டியில் முதல் இடம் அதற்குத்தான்.

போன கிழமை
நண்டு வாங்கி விற்கிற எமில்டா
கடலுக்குள் விழுந்த போனோடு வந்தாள்.
'அரிசிக்குள்ளயும் வைச்சுப் பாத்தன் அண்ணை.
போன் போகட்டும். படங்களை எடுத்துத் தாங்கோ.'

எடுத்தேன். ஆயிரத்துச் சொச்சம் படம்.
பிள்ளை இல்லை, கலியாணம் இல்லை, கோயில் இல்லை.
எல்லாமே தராசு.
முள் நின்ற இடம், பக்கத்தில்
திகதி எழுதிய காட்போட் துண்டு.
கொம்பனிக்காரன் இனி நிறை குறைத்துச் சொல்லட்டும் பார்ப்போம்.

கோதை எறியச் சொல்லிப் போனாள்.
அதன் ஸ்பீக்கருக்குள் இருந்தது
தலைமயிரிலும் மெல்லிய கம்பி.
மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரித்து
கூனியின் உடம்பில் ஐந்து வரி போட்டேன்.
மூன்றாவது வரி கோணல். அவிழ்க்கவில்லை.
தலைமுடிச்சில் ஒரு சொட்டு நகப்பூச்சு.

விடிய ஐந்தரை. பாலத்தின் மேல்
கச்சான் காற்று சாரத்தைப் பிடுங்குகிறது.
பச்சையைக் கட்டப்போன கை
ஏனோ கோணல் வரியை எடுத்தது.

மூன்றாம் எறிவில் நூல் நின்றது.
கல், என்று நினைத்தேன்.
கல் நடக்கத் தொடங்கியது.

பிறகு நடந்ததில் என் கையில் மிச்சம்
பன்றி வால்போல் சுருண்ட நூல்நுனி.
கம்பி பிழைவிடவில்லை, இறகு பிழைவிடவில்லை.
அவசரத்தில் எச்சில் தொட்டு இறுக்காத
என் முடிச்சு.

ஸ்கூட்டியில் ஐஸ் பெட்டியோடு எமில்டா.
'ஏதும் பட்டுதோ?'

கொடுவா, என்றேன். நாலு கிலோ வரும்.

காலை ஊன்றி நிறுத்தி
கடலைப் பார்த்தாள், நூல்நுனியைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.

'படம் இருக்கோ?'