பெட்டியில் மிஞ்சிய எழுத்து

எடின்பரோ, நவம்பர். நான்கு மணிக்கே இருட்டு.
கேஸ் விளக்கின் கீழ் பதினொரு பெண்கள்
அச்சுக்கோக்கிறோம்,
ஆண்கள் வாங்கும் கூலியில் பாதிக்கு.
முதலாளி இதைத் தன் தாராளம் என்கிறார்.

கையெழுத்துப் பிரதி மூன்று பாகம்.
எழுதியவள் பெயரில்லை,
'ஒரு சீமாட்டி' என்று மட்டும்.
கதை சொல்கிறவள் லெட்டிஸ்.
கடிகாரக்காரர் மகள், வாய் நீளம்,
கையில் பதினான்கு ஷில்லிங்.

ஈயத்தில் எல்லாமே இடவலம் மாறித்தான் நிற்கும்.
ஒன்பது வருடமாயிற்று,
நேராய்ப் படிப்பதுதான் இப்போது எனக்குச் சிரமம்.
ஓர் எழுத்து மட்டும் மாறாது.
எங்கள் மொழியில் 'நான்' என்பதற்கு
ஒற்றைக் கோடு போதும்.
தலைகீழாய்ப் போட்டாலும் நான்.
கண்ணாடியில் காட்டினாலும் நான்.

லெட்டிஸ் அதை வாரியிறைத்தாள்.
நான் போகிறேன் என்றாள் கேப்டனின் முகத்துக்கு நேரே,
பத்தொன்பதாம் அத்தியாயத்தில்.
நான் பசியோடிருக்கிறேன். நான் வருந்தவில்லை.
நான் அவரை நேசிக்கிறேன், அது வேறு விஷயம்.
மாலைக்குள் அந்தப் பெட்டி காலியாகிவிடும்.
பக்கத்து ஜீன் டலக்கிடம் கடன் கேட்பேன்.
'உன் சீமாட்டிக்கு ரொம்பத்தான் திமிர்' என்பாள்,
கை நிறையத் தருவாள்.

பிறகு ஜமைக்காவிலிருந்து ஒரு சித்தப்பா வந்தார்.
ஆளாக அல்ல, உயிலாக.
சர்க்கரைத் தோட்டம், வருடத்துக்கு எண்ணூறு பவுன்.
கரும்பை வெட்டியவர்கள் யாரென்று
லெட்டிஸ் கேட்கவில்லை.
என் கை ஒரு கணம் நின்றது.
மேற்பார்வையாளர் இருமினார். தொடர்ந்தேன்.
கேப்டனும் திரும்பி வந்தான்,
மனம் திருந்தி, மீசையை எடுத்துவிட்டு.

கடைசி மூன்று அத்தியாயத்தில்தான் கவனித்தேன்,
பெட்டி குறையவேயில்லை.
நாங்கள் ரோஜா நட்டோம். நாங்கள் நினைத்தோம்.
அவர் விரும்பினார். அவர் சொன்னால் சரியாயிருக்கும்.
அந்த ஒற்றைக் கோடுகள்
உரசாத தீக்குச்சிகளாய்க் கிடந்தன.
அழகான முடிவென்று ஜீன் அழுதாள்.
நானும் கொஞ்சம் அழுதேன், பொய் சொல்வானேன்.

லீத் துறைமுகத்தில் டூகல்ட் பீப்பாய் செய்கிறான்.
சட்டையெல்லாம் ஓக் மரத்தூள் வாசம்.
அவன் சிரித்தால் என் முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை.
கல்யாணத்துக்குப் பிறகும்
நீ ஏன் ஈயத்தைச் சுவாசிக்க வேண்டும் என்கிறான்.
அன்பாகத்தான் சொல்கிறான்.
அதட்டியிருந்தால் பதில் சுலபம்.

சனிக்கிழமை, எல்லோரும் போன பின்,
நிரம்பிக் கிடந்த பெட்டியைத் திறந்து
இரண்டு வரி கோத்தேன்.
நான் உன்னோடு வருவேன்.
நான் வேலைக்கும் போவேன்.
நூலால் இறுக்கிக் கட்டி அவன் கையில் வைத்தேன்.
கடன் வாங்கிய எழுத்து,
செவ்வாய்க்குள் திருப்பித் தா என்றேன்.

புதன்கிழமைதான் வந்தான்.
ஈயத்தைக் கைக்குட்டையில் சுற்றியிருந்தான்.
'எவ்வளவு முறைத்தும் படிக்க முடியவில்லை,
பீப்பாய்க்கு முத்திரை போடும் மசியைத் தடவி...'
என்று உள்ளங்கையை விரித்தான்.
காய்ப்புகளின் மேல் வரிகள் அங்கங்கே உடைந்திருந்தன.
இரண்டு கோடு மட்டும் முழுசாய், கறுப்பாய்.

'என்ன சொல்கிறாய்?'

'சோப்புப் போட்டுப் பார்த்தேன், போகவில்லை' என்றான்.

மூன்று வாரமாவது இருக்கும் என்றேன்.